வால்வுப் பெருக்கியும் உயர்திறன் ஸ்பீக்கரும் : பொருத்தம் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

ஒலியின் பிறப்பை ஆராய்வது தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என்றே ஓர் இயல் வகுத்து, அடிவயிற்றிலிருந்து எழும் காற்று எட்டு உறுப்பிடங்களிற் பொருந்தி எழுத்தொலியாக மாறும் முறையை விளக்கியுள்ளார். காற்று ஒன்றே, அது சென்று பொருந்தும் இடத்தால் ஒலி வேறுபடுகிறது. இசைக்கருவிகளின் நிலையும் இதுவே. நரம்பை மட்டும் தனியே இழுத்துக் கட்டி மீட்டினால் அருகிலிருப்பவர் செவிக்கும் எட்டுவது அரிது. அந்நரம்பே யாழின் பத்தரோடு பொருந்தும்போது அவை முழுவதும் நிறைகிறது. மீட்டும் விரலின் வலிமை இரண்டிடத்தும் ஒன்றுதான்.

மின்சாரத்தின் வழியே இசை கேட்கும் நம் காலத்தில், காற்றின் இடத்தைப் பெருக்கியும் உறுப்புகளின் இடத்தை ஸ்பீக்கரும் பெற்றுள்ளன. இவ்விரண்டின் பொருத்தம் அறியாது பெரும்பொருள் செலவிட்டு வருந்துவோர் பலர். குறைந்த மின்திறனில் நிறைந்த ஒலி தரும் ஸ்பீக்கருக்கு வால்வால் இயங்கும் பெருக்கியை எவ்வாறு தேர்வது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு ஈண்டுத் தேவைப்படுகிறது. ஸ்பீக்கரையே நாம் ஒலிபெருக்கி என்று வழங்கிவிட்டோம். உண்மையில் ஸ்பீக்கர் எதனையும் பெருக்குவதில்லை. தன்னிடம் வந்த மின்னாற்றலின் மிகச் சிறு பகுதியை ஒலியாக மாற்றி, எஞ்சியதை வெப்பமாக வீணாக்குகிறது. பெருக்குவது அதற்கு முன்னுள்ள ஆம்ப்ளிபயரே. ஆதலின் அதனைப் ‘பெருக்கி’ என்றும், ஒலி எழுப்புவதை ‘ஸ்பீக்கர்’ என்றுமே இக்கட்டுரை குறிக்கும். வெற்றிடக் குழல் என்பது நூல்வழக்கு. ரேடியோ பழுது பார்ப்போர் முதல் கடைக்காரர் வரை அனைவரும் சொல்வது வால்வு, அதுவே போதும்.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்கராகிய லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டு ஆடியான் என்னும் வால்வை உருவாக்கினார். அதன் வழியில் வந்த மும்முனை வால்வுகள் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் ஆற்றலை மனிதனுக்குத் தந்தன. 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ திரைப்படம் வெளியானபின் அமெரிக்கத் திரையரங்குகள் பேசத் தொடங்கின. ஆயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்குகளை அன்று நிறைத்தவை நூற்றுக்கணக்கான வாட் திறன் கொண்ட பெருக்கிகள் அல்ல. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1936 அளவில் சிறிய அரங்குகளுக்கு அளித்த 91-ஏ என்னும் பெருக்கியின் திறன் ஏறத்தாழ 8 வாட் மட்டுமே. அதன் இறுதி நிலையில் இருந்தது 300ஏ என்னும் ஒற்றை வால்வு. அதன் தம்பியாகிய 300பி 1938இல் வந்தது.

எட்டு வாட்டில் ஓர் அரங்கம் எவ்வாறு நிறைந்தது? கூம்பு வடிவ ஸ்பீக்கரே காரணம். நாகசுரத்தின் சீவாளி எழுப்பும் ஒலியை அதன் விரிந்த அணசு வெளிக்காற்றோடு இணைப்பதுபோல, கூம்பானது சிறு தகட்டின் அதிர்வைப் பெருங்காற்றோடு பொருத்துகிறது. 1946இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்னும் சிற்றூரில் தொழில் தொடங்கிய பால் கிளிப்ஷ் என்பவர், அறையின் மூலையையே கூம்பின் நீட்சியாகக் கொள்ளும் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரை வீடுகளுக்குக் கொணர்ந்தார். அதன் உணர்திறன் 105 டெசிபல் என்பது அந்நிறுவனம் வெளியிட்டுவந்த அளவு. நாட்டுக்குத் தேவை நல்லதொரு 5 வாட் பெருக்கியே என்று அவர் சொல்லிவந்ததாக இத்துறையினர் நினைவுகூர்வர்.

இந்நிலை மாறியது 1954இல். எட்கர் வில்ச்சர் என்பார் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்போலப் பயன்படுத்தும் ஏஆர்-1 ஸ்பீக்கரை உருவாக்கினார். அலமாரியில் அடங்கும் சிறு பெட்டி ஆழ்ந்த தாழ்சுருதியை எழுப்பியது கண்டு உலகம் வியந்தது. ஆயின் அதற்குரிய விலையை உணர்திறனில் செலுத்த வேண்டியிருந்தது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, உயர்ந்த பயனுறுதிறன் ஆகிய மூன்றனுள் இரண்டையே ஒருங்கு பெறலாம் என்பது ஹாஃப்மன் வகுத்த விதி. வில்ச்சர் முதலிரண்டைக் கொண்டார். கிளிப்ஷ் பின்னிரண்டைக் கொண்டார். பின்னர் வந்த டிரான்சிஸ்டர் வாட்டை மலிவாக்கியதால், உலகம் வில்ச்சர் வழியே சென்றது. ஜப்பானிய ஆர்வலர் சிலரும், பிரான்சில் ழான் ஹிராகா போன்றோரும், 1992இல் தொடங்கிய ‘சவுண்ட் பிராக்டிசஸ்’ என்னும் அமெரிக்க இதழைச் சார்ந்தோரும் பழைய வழியை மீட்டெடுத்தனர். இன்று ஒற்றை வால்வுப் பெருக்கிகள் மீண்டும் விற்பனையாவது இவர்களால்தான்.

வாட் என்னும் மயக்கம்

ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் எழும் ஒலியை டெசிபலில் அளப்பது உணர்திறன் எனப்படும். டெசிபல் கூட்டற்கணக்கன்று, பெருக்கற்கணக்கு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 3 டெசிபல் கூடினால் திறன் ஏறத்தாழ இருமடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. கொடுத்த மின்னாற்றலில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒலியாக்கும் ஸ்பீக்கர் 92 டெசிபல் அளவில் நிற்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒலியாக்குவது 102இல் நிற்கும். கடைகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் 87 டெசிபல் ஸ்பீக்கர்கள் நூற்றில் மூன்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 மீட்டர் தொலைவில் சராசரி 84 டெசிபல் அளவில் இசை ஒலிக்கிறது என்க. வீட்டில் அது நிறைவான ஒலியே. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு இதற்கு 0.4 வாட் வேண்டும். மிருதங்கத்தின் ஓர் அடியோ வெண்கலத் தாளமோ சராசரியினும் 20 டெசிபல் உயர்ந்து தெறிக்கும் கணத்தில் அதுவே 40 வாட்டாகும். 104 டெசிபல் ஸ்பீக்கருக்கோ சராசரிக்கு நூற்றில் ஒரு வாட், உச்சத்திற்கு ஒரு வாட். எட்டு வாட் பெருக்கி முதல் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் உச்சந்தோறும் திணறும். இரண்டாவதோடு சேர்ந்தால் அதன் வலிமையில் எட்டில் ஏழு பங்கு உறங்கிக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து பெறப்படுவது, உயர்திறன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் ‘எத்தனை வாட்?’ என்று முதலிற் கேட்கத் தேவையில்லை என்பதே. அவர் கேட்கும் இசை பெரும்பாலும் நூற்றில் ஒரு வாட்டுக்குள் நிகழ்கிறது. அந்த நூற்றில் ஒரு வாட்டில் பெருக்கி எவ்வளவு தூய்மையாகவும் அமைதியாகவும் உள்ளது என்பதே அவருக்குரிய வினா. விளம்பரத் தாள்கள் இதைப் பற்றி வாய்திறப்பதில்லை. உச்சத் திறனில் எடுத்த அளவுகளை அச்சிட்டு அமைந்துவிடுகின்றன.

விளம்பரத் தாளில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சிலர் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து உணர்திறனைக் குறிப்பர். 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கரிலோ 2.83 வோல்ட் என்பது 2 வாட். அங்கு 95 என்று அச்சிட்டிருந்தால் 92 என்றே படித்தல் வேண்டும்.

இரைச்சல்

பழைய மாணவர் ஒருவர், அயல்நாட்டில் நல்ல ஊதியத்தில் இருப்பவர், நூறு டெசிபலுக்கு மேற்பட்ட கூம்பு ஸ்பீக்கர்களை வாங்கி, அவற்றுக்குத் தகுதியாக இருக்கட்டும் என்று 60 வாட் வால்வுப் பெருக்கியையும் வாங்கினார். பகலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. இரவில் ஊர் அடங்கியபின் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ரீங்காரமும் ‘உஸ்’ என்னும் ஓசையும் அறை முழுவதும் நின்றன. விற்றவரைக் கேட்டபோது பெருக்கியில் குறையில்லை என்று விடை வந்தது. அது பொய்யன்று, வேறு ஸ்பீக்கரோடு இணைத்தபோது எந்த ஓசையும் எழவில்லை. இரண்டு ஆண்டுச் சேமிப்பு அவ்வாறு முடங்கிற்று.

இதன் காரணம் எளிது. ஸ்பீக்கர் இசையை மட்டும் தேர்ந்து உயர்த்துவதில்லை. பெருக்கியின் இரைச்சலையும் அதே அளவு உயர்த்துகிறது. பெருக்கியின் வெளியீட்டில் இசை இல்லாதபோதும் 1 மில்லிவோல்ட் எஞ்சி நிற்கிறது என்க. 8 ஓம் மின்மறுப்புள்ள 88 டெசிபல் ஸ்பீக்கரில் அது 19 டெசிபல் ஓசையாகும்; எவர் செவிக்கும் புலப்படாது. 104 டெசிபல் ஸ்பீக்கரில் அதுவே 35 டெசிபல். அமைதியான இரவில் அருகிருப்போர்க்குக் கேட்டும் கேளாமலும் நிற்கும். எச்சம் 5 மில்லிவோல்ட் ஆனால் 49 டெசிபலாக உயர்ந்து எவரும் தப்ப முடியாத தொல்லையாகிவிடும். ஆதலின் நூறு டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கருக்கு வாங்கும் பெருக்கியின் எச்ச இரைச்சல் 1 மில்லிவோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். அதனினும் குறைந்தால் மிக நன்று.

இரைச்சலின் ஊற்று இரண்டு. ஒன்று வால்வின் இழை. 2ஏ3, 300பி போன்ற பழைய மும்முனை வால்வுகளில் வெப்பமூட்டும் இழையே எலெக்ட்ரான்களையும் உமிழ்கிறது. அவ்விழைக்கு மாறுமின்சாரம் கொடுத்தால் அதன் அதிர்வு இசையிற் கலக்கும். 2ஏ3இன் இழைக்கு 2.5 வோல்ட், 300பிக்கு 5 வோல்ட் என்பதால் பின்னதில் ரீங்காரம் மிகுதற்கு வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தால் இழையைச் சூடாக்கும் பெருக்கிகளில் இக்குறை பெரிதும் நீங்கும். இஎல்84 போன்ற பிற்கால வால்வுகளில் உமிழும் பகுதி இழையினின்று வேறாகப் பிரிக்கப்பட்டுள்ளமையால் இச்சிக்கல் இயல்பாகவே குறைவு.

மற்றொன்று மிகைப் பெருக்கம். குறுந்தகட்டுக் கருவி தருவது 2 வோல்ட் அளவு. 8 ஓம் ஸ்பீக்கரில் 8 வாட் பெற 8 வோல்ட் போதும். ஆக நான்கு மடங்கு பெருக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அரை வோல்ட்டிலேயே முழுத் திறனை எட்டும் பெருக்கி பதினாறு மடங்கு பெருக்குகிறது. அதற்கு முன்னால் மேலும் பெருக்கும் முன்பெருக்கி ஒன்றையும் வைத்துவிட்டு, ஒலிக்குமிழைத் தொடக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம்கூடத் திருப்ப முடியவில்லை என்று சொல்வோர் உளர். உயர்திறன் ஸ்பீக்கருக்கு ஒலியளவைக் குறைக்கும் குமிழ் மட்டும் கொண்ட எளிய அமைப்பே பெரும்பாலும் போதுமானது.

மின்மறுப்புப் பொருத்தம்

இரைச்சலுக்கு அடுத்து ஆராயத்தக்கது, என் கருத்தில் அதனினும் நுட்பமானது, பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. ஸ்பீக்கர் மீது 8 ஓம் என்று எழுதியிருப்பது ஊர்ப்பெயர் போன்றதே. அவ்வூரில் மேடும் பள்ளமும் உண்டு. சுருதிக்குச் சுருதி மின்மறுப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் 4 ஓமாகத் தாழ்ந்து மற்றோரிடத்தில் 40 ஓமாக உயரும் ஸ்பீக்கர்களும் உள்ளன. கூம்பு வகையிலும் இவை அரியன அல்ல.

பின்னூட்டம் இல்லாத 300பி ஒற்றை வால்வுப் பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் வரை இருக்கும். அதனை 2.5 எனக் கொள்வோம். மேற்கூறிய ஸ்பீக்கரின் 4 ஓம் இடத்தில் ஒலி 4.2 டெசிபல் குறையும். 40 ஓம் இடத்தில் அரை டெசிபலே குறையும். இடையில் 3.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது. அது எவரும் உணரத்தக்க வேறுபாடு: ஒருவர் குரல் மற்றொருவர் குரலாகாது, ஆயினும் சளி பிடித்தது போலவோ மூக்கடைத்தது போலவோ மாறும். வெளியீட்டு மின்மறுப்பு பத்தில் ஒரு ஓம் உள்ள பெருக்கியில் அதே வேறுபாடு 0.2 டெசிபல் மட்டுமே.

இதனால் ஒற்றை மும்முனை வால்வுப் பெருக்கி தாழ்ந்தது என்பது பொருளன்று. மின்மறுப்பு ஏறக்குறைய சமமாக ஓடும் ஸ்பீக்கரோடு அது சேருமிடத்து, பாடுவோர் மூச்செடுக்கும் ஒலிகூட இயல்பாக வரும். சேராத இடத்தில் சேர்த்துவிட்டு, ‘வால்வின் இனிமை’ என்று அதன் குறைக்குப் பெயரிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை. ஸ்பீக்கரின் மின்மறுப்பு வரைபடத்தைப் பெற்றுப் பார்த்தபின் பெருக்கியைத் தேர்வதே முறை. வரைபடம் மேடுபள்ளமாயின் அளவான பின்னூட்டம் உள்ள பெருக்கியை நாடுதல் வேண்டும். 1947இல் வில்லியம்சன் என்பார் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட 15 வாட் பெருக்கி, பின்னூட்டத்தையும் மும்முனை இணைப்பையும் சேர்த்து இதனை அன்றே நிறைவேற்றிக் காட்டிற்று.

வெளியீட்டு மின்மாற்றியையும் ஈண்டு மறத்தலாகாது. 300பி வால்வு 3500 ஓம் அளவு சுமையை விரும்புகிறது; ஸ்பீக்கரோ 8 ஓம். இவ்விரண்டையும் ஏறத்தாழ 21க்கு 1 என்னும் சுற்று விகிதத்தால் இணைத்து வைப்பது மின்மாற்றியே. ஒற்றை வால்வு அமைப்பில் நேர்மின்னோட்டமும் அதன் வழியே செல்வதால், இரும்பு நிறைவுறாதபடி உள்ளகத்தில் இடைவெளி விட்டு, உருவத்தையும் பெரிதாக்க வேண்டும். இதிற் சிக்கனம் செய்த பெருக்கியில் முதலில் மறைவது தாழ்சுருதி. விலையுயர்ந்த வால்வைக் கண்ணாடிபோல் முன்னே நிறுத்தி, மலிவான மின்மாற்றியைப் பின்னே மூடிவைத்த பெருக்கிகள் சந்தையில் மிகுதி. கையால் தூக்கிப் பார்ப்பதும் ஒரு தேர்வே. கனமில்லாத ஒற்றை வால்வுப் பெருக்கி ஐயத்திற்குரியது.

எதைத் தேர்வது?

104 டெசிபல் அல்லது அதற்கு மேற்பட்ட முழுக் கூம்பு ஸ்பீக்கரும், சிறு அறையும், சமமான மின்மறுப்பும் வாய்த்தவர்க்கு 2ஏ3 வால்வின் 3.5 வாட்டே மிகுதி. 45 என்னும் இன்னும் பழைய வால்வின் 2 வாட்டுக்குள் அடங்கிய திறனும் போதும். 97 முதல் 101 வரை உள்ளவற்றுக்கு 300பியின் 8 வாட் தகும். கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரசி போன்று நடு, உயர் சுருதிகளுக்கு மட்டும் கூம்பும் தாழ்சுருதிக்குப் பெட்டியும் கொண்ட ஸ்பீக்கர்கள் இவ்வகையின. 92, 93 அளவில் உள்ளவை உயர்திறன் என்னும் பெயருக்கே உரியன அல்ல. அவற்றுக்கு இஎல்34 இணை கொண்ட 35 வாட் பெருக்கியை நாடுவதே நன்று.

ஆயினும் பெரும்பாலான இல்லங்களுக்கு நான் பரிந்துரைப்பது இவற்றுள் எதுவுமன்று. இஎல்84 வால்வு இரண்டை ‘தள்ளு இழு’ முறையில் அமைத்து, அளவான பின்னூட்டம் கொடுத்த 10 முதல் 15 வாட் பெருக்கியே அது. 1958 அளவில் இங்கிலாந்தின் லீக் நிறுவனம் விற்ற ஸ்டீரியோ 20 இவ்வகையது. இம்முறையில் இரு வால்வுகளின் நேர்மின்னோட்டங்கள் மின்மாற்றியில் ஒன்றையொன்று நீக்குகின்றன. ஆகவே சிறிய மின்மாற்றியே நல்ல தாழ்சுருதி தரும். மின்வழங்கியின் ரீங்காரமும் பெரும்பகுதி அவ்வாறே நீங்கும். வெளியீட்டு மின்மறுப்பும் குறைவு. வால்வின் விலை 300பியின் விலையில் சிறு பகுதி. கண்ணுக்கு அழகாக ஒளிரும் பெரிய வால்வு இல்லை என்பதொன்றே குறை. அக்குறையைச் செவி அறியாது.

வால்வு கிடைக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சொல். இஎல்84, இஎல்34, 300பி ஆகியவற்றைச் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் ஆலைகள் இக்காலத்தும் ஆக்கி வந்துள்ளன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது ஏற்பட்ட தட்டுப்பாட்டை எண்ணி, கூடுதலாக ஓர் இணையை வாங்கி வைப்பது நல்லது. 45 போன்ற பழைய வால்வுகளை நாடுவோர் முன்னரே இருப்பை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

கடையிற் பெருக்கியைச் சோதிக்கும்போது தம் சொந்த ஸ்பீக்கரையே கொண்டுசெல்ல இயலுமாயின் அதுவே தலையாயது. இயலாதவர், அதே உணர்திறன் உள்ள ஸ்பீக்கரோடு இணைக்கச் சொல்லலாம். முதலில் எந்த இசையையும் ஒலிக்கவிடாமல், குமிழை முற்றிலும் தாழ்த்தி, பின் வழக்கமான நிலைக்கு உயர்த்தி, கூம்பருகே செவி வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே அளவு ரீங்காரம் இருந்தால் குறை பெருக்கியின் இறுதிப் பகுதியில் உள்ளது; குமிழோடு சேர்ந்து உயர்ந்தால் அதற்கு முன்னுள்ள பகுதியிலோ கம்பியிலோ உள்ளது. பிறகே, நன்கறிந்த ஒரு குரலைத் தாழ்ந்த ஒலியில் கேட்டல் தகும். உரக்கக் கேட்டால் எல்லாப் பெருக்கியும் முதற் பத்து நிமிடம் நன்றாகவே இருக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பெருக்கி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கும் அமைந்திருக்கும். உறவினர் அன்போடு சுமந்து வந்தது என்று நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் வால்வும் மின்மாற்றியும் கருகும். தக்க இறக்கு மின்மாற்றியோடு மட்டுமே இயக்குதல் வேண்டும்.

இவற்றினும் மேலாக, வால்வுப் பெருக்கியின் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உலவுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். உயிரைக் கொள்ள அது போதும். ஆர்வமிகுதியால் அடித்தகட்டைத் திறக்கும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்வது பழைய தொழிலாளர் வழக்கம். மின்னோட்டம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியே பாயாதிருக்கவே அவர்கள் அவ்வாறு செய்தனர். ஸ்பீக்கர் இணைக்கப்படாத நிலையில் வால்வுப் பெருக்கிக்கு இசை கொடுத்தலும் ஆகாது. சுமையற்ற மின்மாற்றியில் எழும் மிகையழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடும். கம்பியை மாற்ற நேர்ந்தால் முதலில் சுவிட்சை நிறுத்தி, வால்வுகள் குளிர்ந்தபின் மாற்றுக.